மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை

சுவிட்சைப் போட்டதும் வழக்கமான சத்தம் வருகிறது. கால் மணி நேரம் கழித்து மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தால் மேல்தொட்டியில் ஒரு சொட்டுகூட விழவில்லை. சம்ப்பில் தண்ணீர் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, மோட்டாரும் ஓடுகிறது. தண்ணீர் மட்டும் ஏற மறுக்கிறது. பிளம்பர் வருகிறார். மோட்டாரின் தலையில் இருக்கும் சின்ன மூடியைத் திருகிக் கழற்றி, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, மூடியை இறுக்கி, சுவிட்சைப் போடச் சொல்கிறார். சில நொடிகளில் மாடியில் தண்ணீர் கொட்டுகிறது. “ஏர் பிடிச்சிருந்துச்சு, அவ்வளவுதான் சார்” என்கிறார். சில நாளில் மறுபடியும் அதே கதை.

ஆயிரக்கணக்கான லிட்டரை இரண்டு மாடி உயரத்துக்குத் தூக்கும் இயந்திரத்துக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் எதற்கு? தெருக்குழாயில் அழுத்தம் போதாத ஊர்களில் வாழும் நமக்கெல்லாம் இது அன்றாடக் கேள்வி. சென்னையிலும் மற்ற நகரங்களிலும் சில மணி நேரம் மட்டும் வரும் குழாய்த் தண்ணீரும் லாரித் தண்ணீரும் முதலில் தரைக்கடியில் உள்ள சம்ப்பில்தான் விழுகின்றன. அங்கிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் வேலை அரை அல்லது ஒரு குதிரைத்திறன் மோட்டாரின் தலையில். அதைப் பராமரிப்பதற்கென்று ஊருக்கு ஊர் ஏராளமான குறிப்புகள் புழங்குகின்றன. ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொண்டால், அந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவற்றை நாமே யோசித்துக் கண்டுபிடித்துவிடலாம். மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை.

இளநீர்க் கடையில் கொடுக்கும் உறிஞ்சுகுழலை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் உறிஞ்சுவதாகத்தான் நினைக்கிறோம். ஆனால் வாயால் நீரைப் பற்றி இழுக்க வழியே இல்லை. நீருக்குப் பிடி ஏது? நாம் செய்வது குழலுக்குள் இருக்கும் காற்றைக் கொஞ்சம் வெளியே எடுப்பது மட்டும்தான். அப்போது குழலுக்குள் அழுத்தம் குறைகிறது. இளநீரின் பரப்பின் மேல் வெளிக்காற்று எப்போதும்போல் அழுத்திக்கொண்டே இருக்கிறது. உள்ளே எதிர்ப்பு குறைந்ததால் அந்த வெளி அழுத்தம் இளநீரைக் குழலுக்குள் தள்ளி ஏற்றுகிறது. குழலின் நடுவில் பெரிதாக ஒரு ஓட்டை போட்டுவிட்டு உறிஞ்சிப் பாருங்கள். எவ்வளவு முயன்றாலும் வாயில் காற்றுதான் வரும். ஏனென்றால் ஓட்டை வழியே நுழையும் காற்று உள்ளழுத்தத்தையும் வெளியழுத்தத்தையும் சமமாக்கிவிடுகிறது. சம்ப்பிலிருந்து மோட்டார் வரை வரும் குழாயிலும் நடப்பது இதுவேதான்.

நம்மைச் சுற்றியுள்ள காற்று இத்தனை பலம் கொண்டது என்பதை மனிதர்கள் கண்டுபிடித்ததும் ஒரு பம்ப்பின் தகராறில்தான். பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியில் கிணறு, சுரங்க வேலைக்காரர்களுக்கு ஒரு விஷயம் அனுபவத்தில் தெரிந்திருந்தது. உறிஞ்சும் பம்ப்பை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அந்த ஊர் முழக் கணக்கில் சுமார் 18 முழத்துக்கு மேல், அதாவது இன்றைய கணக்கில் பத்தரை மீட்டருக்கு மேல், தண்ணீர் ஏறாது. கலிலியோ 1638-இல் வெளியிட்ட தமது கடைசிப் பெருநூலில் இதைக் குறிப்பிடுகிறார். நீண்ட கயிறு தன் எடையாலேயே அறுந்துவிடுவது மாதிரி, உயரமான நீர்த்தூணும் தன் எடை தாங்காமல் அறுந்துவிடுகிறது என்பது அவர் சொன்ன விளக்கம். அவ்வளவு பெரிய அறிவு இங்கே தவறியது. பம்ப் மேலிருந்து இழுக்கிறது என்ற எண்ணத்தை அவரும் விடவில்லை.

1640-ஐ ஒட்டி ரோம் நகரில் கஸ்பாரோ பெர்ட்டி என்பவர் பத்து மீட்டருக்கும் உயரமான ஈயக் குழாயைத் தன் வீட்டுச் சுவரில் நிறுத்தினார். அதில் தண்ணீர் நிரப்பி மேல்முனையை அடைத்து, கீழ்முனையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் திறந்துவிட்டார். தண்ணீர் கொஞ்சம் இறங்கி, அதே பத்துச் சொச்ச மீட்டரில் நின்றுகொண்டது. இங்கே இழுக்க எந்தப் பம்ப்பும் இல்லை. அப்படியானால் தாங்கி நிறுத்துவது எது? கலிலியோவின் கடைசி நாட்களில் அவருக்கு உதவியாக இருந்த டாரிசெல்லி, தண்ணீருக்குப் பதிலாக அதைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தை எடுத்துக்கொண்டார். தூணை நிறுத்துவது வெளிக்காற்றின் எடைதான் என்றால், பாதரசத் தூண் அதே அளவு மடங்கு குட்டையாக இருக்க வேண்டும். இருந்தது. 76 சென்டிமீட்டரில் நின்றது. 76-ஐ 13.6-ஆல் பெருக்கினால் 10.3 மீட்டர் வந்துவிடுகிறது.

இதற்குப் பிறகும் சந்தேகப்படுவதற்கு இடம் இருந்தது. தூணின் மேலே உள்ள வெற்றிடம்தான் ஏதோ விதத்தில் பிடித்து வைத்திருக்கிறது என்று வாதாடியவர்கள் பலர். பிரான்சில் பாஸ்கல் அதற்கு ஒரு நேரடிச் சோதனையை யோசித்தார். காரணம் காற்றின் எடை என்றால், மலை உச்சியில் தலைக்கு மேல் இருக்கும் காற்று குறைவு. ஆகவே தூணும் குட்டையாக வேண்டும். 1648 செப்டம்பர் 19 அன்று அவருடைய அக்காள் கணவர் பெரியே, பியூய் தெ டோம் என்ற மலையில் பாதரசக் குழாயோடு ஏறினார். உச்சியில் தூண் எட்டு சென்டிமீட்டருக்கும் கூடுதலாக இறங்கியிருந்தது. இந்தச் சோதனையில் எனக்கு மிகப் பிடித்தது உச்சியில் நடந்ததல்ல, அடிவாரத்தில் நடந்தது. அங்கே ஒரு மடாலயத் தோட்டத்தில் இன்னொரு குழாயை வைத்து, ஒரு துறவியை நாள் முழுவதும் அதன் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். அந்தக் குழாயில் மட்டம் மாறவில்லை. வானிலை மாறியதால்தான் உச்சியில் பாதரசம் இறங்கியது என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி அந்தத் துறவியின் பொறுமை வழியை அடைத்துவிட்டது.

கடல் மட்டத்தில் 10.3 மீட்டர் என்பது இயற்கை போட்ட உச்சவரம்பு. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அது எட்டு மீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். எந்தக் கம்பெனி மோட்டாராக இருந்தாலும், குதிரைத்திறன் எவ்வளவு கூட்டினாலும், மேலே உட்கார்ந்துகொண்டு இதைத் தாண்ட முடியாது. நடைமுறையில் ஆறு ஏழு மீட்டருக்கு மேல் நம்பக் கூடாது. கொங்கு நாட்டு விவசாயிகள் இதைக் கண்ணால் கண்டவர்கள். கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க, கிணற்றுச் சுவரிலேயே திட்டுக் கட்டி மோட்டாரைக் கீழே கீழே இறக்கிக்கொண்டு போனார்கள். ஆழ்துளைக் கிணறு வந்தபோது நீர்மூழ்கி மோட்டார் வேண்டியதாயிற்று. அது தண்ணீருக்குள்ளேயே கிடந்து கீழிருந்து தள்ளுகிறது; தள்ளுவதற்கு இந்த உச்சவரம்பு கிடையாது.

நம் வீட்டுச் சம்ப் ஆறு முதல் எட்டு அடி ஆழம்தான். வரம்புக்கு வெகு தூரம் கீழே. பிறகு ஏன் தண்ணீர் ஏறவில்லை? அதற்கு மோட்டாரின் வயிற்றுக்குள் போக வேண்டும்.

உள்ளே இருப்பது இம்பெல்லர் என்கிற சுழல்சக்கரம். வளைந்த இதழ்கள் கொண்ட உள்ளங்கை அகலத் தட்டு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 முறை சுற்றுகிறது. 13 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரமாக இருந்தால் அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். நடுவில் நுழையும் தண்ணீர் இதழ்களால் சுழற்றப்பட்டு, அந்த வேகத்தோடு விளிம்பை நோக்கி வீசப்படுகிறது. சுற்றியுள்ள நத்தைக்கூடு வடிவக் கூடு வரவர அகலமாகிறது. அங்கே தண்ணீரின் வேகம் குறைந்து அழுத்தமாக மாறுகிறது. அந்த அழுத்தம்தான் மாடிக்கு ஏற்றுகிறது. தண்ணீர் விளிம்புக்குப் போய்விட்டதால் நடுவில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்ப, சம்ப்பில் உள்ள தண்ணீரைக் காற்றழுத்தம் மேலே தள்ளுகிறது. இந்த வகைக்கு மையவிலக்குப் பம்ப் என்று பெயர். இதழ்களின் வளைவு அலங்காரமல்ல. 1851-இல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஜான் அப்பல்ட் என்பவர் வளைந்த இதழ்ச் சக்கரத்தை ஓட்டிக் காட்டினார். கொடுத்த ஆற்றலில் 68 சதவீதம் தண்ணீரைத் தூக்கப் பயன்பட்டது. நேரான இதழ்களை வைத்துப் பார்த்தபோது அது 24 சதவீதமாக விழுந்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த வளைவு போகவில்லை.

இப்போது சக்கரத்தைச் சுற்றித் தண்ணீருக்குப் பதில் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. காற்றையும் அதே வேகத்தில்தான் வீசுகிறது. ஆனால் காற்று தண்ணீரைவிட ஏறத்தாழ 800 மடங்கு லேசு. மையவிலக்குப் பம்ப் எதைச் சுழற்றினாலும் ஒரே உயரத்துக்குத்தான் ஏற்றும். தண்ணீரை 20 மீட்டர் ஏற்றும் பம்ப், காற்றை வைத்துச் சுழற்றினால் 20 மீட்டர் உயரக் காற்றுத் தூணுக்கு ஈடான அழுத்தத்தைத்தான் உண்டாக்கும். தண்ணீர்க் கணக்கில் அது எவ்வளவு? இருபது மீட்டரை 800-ஆல் வகுங்கள். இரண்டரை சென்டிமீட்டர். ஆறடி ஆழத்திலிருந்து தண்ணீர் வர வேண்டிய இடத்தில், ஓர் அங்குலம் ஏற்றும் பலம்தான் அந்த மோட்டாருக்கு அப்போது மிச்சம். எத்தனை மணி நேரம் ஓடினாலும் அது அந்த ஓர் அங்குலத்தைத் தாண்டாது.

பிளம்பர் ஊற்றிய ஒரு சொம்புத் தண்ணீரின் வேலை இதுதான். சக்கரத்தைச் சுற்றிலும் சம்ப் குழாய் நெடுகவும் காற்றை விரட்டி, சக்கரத்துக்கு வீசுவதற்குக் கனமான ஒன்றைக் கொடுக்கிறது. தாமே தொடங்கிக்கொள்ளும் மோட்டார்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. அவற்றின் கூட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் தங்கும்படி வடிவம் அமைந்திருக்கிறது. குழாயில் உள்ள காற்றை அந்தத் தண்ணீரோடு நுரையாகக் கலந்து, மேலே அனுப்பிப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகின்றன. ஆனால் அதற்கும் கூட்டுக்குள் அந்த முதல் தண்ணீர் இருந்தாக வேண்டும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தால் அது வற்றிப்போயிருக்கும். எனவே நீண்ட நாள் பூட்டிய வீட்டில் முதல் வேலை, சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால், மூடியைக் கழற்றித் தண்ணீர் ஊற்றுவது.

சாதாரண மோட்டாரில் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் குழாயில் உள்ள தண்ணீர் சம்ப்புக்குத் திரும்பிவிடாமல் காப்பது குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வு. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் சின்னக் கதவு, அதைச் சுற்றிச் சல்லடை. அதன் ரப்பர் வாஷரில் ஒரு மணல்துகள் சிக்கினால் போதும், இரவு முழுவதும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கி, காலையில் குழாய் நிறையக் காற்றுதான் இருக்கும். ஏறத்தாழ எல்லா வீட்டிலும் ‘ஏர் பிடிச்சிருக்கு’ என்ற நோய்க்கு இரண்டே காரணங்கள். ஒன்று இந்த வால்வு, இன்னொன்று குழாய் இணைப்புகள். எது என்று கண்டுபிடிக்காமல் தினமும் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டிருப்பது காலத்தை வீணாக்குவது.

கண்டுபிடிப்பது எளிது. மோட்டாரை நிறுத்திவிட்டு, மூடியைக் கழற்றி, விளிம்புவரை தண்ணீரை நிரப்புங்கள். கால் மணி நேரம் பாருங்கள். மட்டம் இறங்கி, வெளியே எங்கேயும் ஈரம் இல்லை என்றால் ஃபுட் வால்வு கசிகிறது. மட்டம் இறங்கி, சம்ப்புக்கும் மோட்டாருக்கும் நடுவே ஏதோ ஓர் இணைப்பு நனைந்திருந்தால் ஓட்டை அங்கே.

இந்தப் பகுதியில் கசிவு ஏமாற்றும் தன்மை கொண்டது. மோட்டாரிலிருந்து மாடிக்குப் போகும் குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் பீச்சி அடிக்கும். யார் கண்ணுக்கும் தப்பாது. சம்ப்பிலிருந்து மோட்டாருக்கு வரும் குழாயில் மோட்டார் ஓடும்போது உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடக் குறைவு. ஆகவே ஓட்டையிலிருந்து ஒரு சொட்டுகூட வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும், அதுவும் சத்தமில்லாமல். காய்ந்து கிடக்கும் இணைப்பைப் பார்த்து, இங்கே ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டிவிடுவோம். சந்தேகப்படும் இணைப்பில், மோட்டார் ஓடும்போது சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை உள்ளே இழுக்கப்பட்டுக் குழி விழும். அதிகம் சந்தேகப்பட வேண்டியது மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கும் யூனியன் இணைப்பும், வெயிலும் அதிர்வும் பட்டுப் பட்டு விரிசல் கண்ட பி.வி.சி. வளைவும். மேலே எம்-சீல் அப்புவது சில நாளைக்குத் தாங்கும். கழற்றி, வாஷர் மாற்றி, டெஃப்லான் டேப் சுற்றிப் பூட்டுவதே முறையான வேலை.

காற்று நுழைய இன்னும் இரண்டு வழிகள் உண்டு. சம்ப்பில் தண்ணீர் குறைந்து வால்வுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்போது, பரப்பில் சுழி விழுந்து அதன் நடுவே காற்று கீழிறங்கி வால்வுக்குள் போய்விடும். இன்னொன்று, குழாயை அமைத்த விதம். சம்ப்பிலிருந்து மோட்டாரை நோக்கிக் குழாய் தொடர்ந்து மேல்நோக்கியே சாய்ந்திருக்க வேண்டும். நடுவில் மேடு விழுந்தால், தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று அங்கே வந்து தங்கிவிடும். வீடு கட்டும்போது கொத்தனாரும் பிளம்பரும் இருக்கும் நாளிலேயே இதைப் பார்த்துவிட வேண்டும். தரை போட்ட பிறகு யாரும் உடைத்து மாற்றப்போவதில்லை.

சல்லடையில் அடைப்பு இருந்தால் நடப்பது வேறு. குழாயில் காற்று நுழையாமலே மோட்டார் தவிக்கும். தண்ணீர் 100 பாகையில் கொதிப்பது சாதாரண அழுத்தத்தில் மட்டும்தான். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் கொதிநிலையும் குறையும். காற்றழுத்தத்தின் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே போனால், 30 பாகையில் இருக்கும் சம்ப்புத் தண்ணீரே கொதிக்கத் தொடங்கிவிடும். சல்லடை அடைத்திருக்கும்போது சக்கரத்தின் நடுவில் அழுத்தம் அந்த அளவுக்கு விழக்கூடும். அங்கே நீராவிக் குமிழிகள் பிறக்கின்றன. அவை விளிம்பை நோக்கி நகர்ந்ததும் அழுத்தம் கூடி, நொடியின் மிகச் சிறு பகுதியில் நொறுங்குகின்றன. நொறுங்கும் இடத்தில் எழும் அடி உலோகத்தையே கொத்திக் குழியாக்கும். கரகரவென்று ஜல்லி உருளும் சத்தம் கேட்டால் அது இந்தக் குமிழி நொறுங்கல்தான். அதிவேகக் கப்பல்களின் விசிறிகள் எதிர்பார்த்த வேகத்தைத் தராததிலிருந்துதான் இந்தப் பிரச்சினை பொறியாளர்களின் கவனத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ், அதிவேகக் கப்பல் ஒன்றைச் செய்துகொண்டிருந்த காலத்தில், 1895-இல் ஒரு சிறு தொட்டி அமைத்து, கிட்டத்தட்டக் கொதிநிலைத் தண்ணீரில் குட்டி விசிறியைச் சுழற்றி, விட்டுவிட்டு ஒளி பாய்ச்சி இந்தக் குமிழிகளைக் கண்ணால் பார்த்தார். குமிழி நொறுங்கும்போது எவ்வளவு பயங்கரமான அழுத்தம் எழும் என்பதை 1917-இல் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார்.

ஆகவே சல்லடையைச் சுத்தமாக வைத்திருங்கள். வால்வைச் சம்ப்பின் தரையிலிருந்து அரையடியாவது உயர்த்தித் தொங்கவிடுங்கள், வண்டல் அதில் ஏறாது. சம்ப் பக்கக் குழாயின் விட்டத்தை எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள். ஒரு அங்குலக் குழாய்க்குப் பதில் முக்கால் அங்குலம் போட்டால், அதே அளவு தண்ணீருக்கு உராய்வு இழப்பு நான்கு மடங்குக்கும் மேல் கூடுகிறது. நூறு ரூபாயை மிச்சப்படுத்த நினைத்து மோட்டாரின் ஆயுளை வெட்டும் வேலை அது.

தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டாருக்கு இன்னொரு ஆபத்து, சீல். சுழலும் தண்டு கூட்டைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் தண்ணீர் கசியாமல் தடுப்பது இரண்டு வழவழப்பான வளையங்கள். ஒன்று கரி, மற்றொன்று பீங்கான். ஒன்றின் மேல் ஒன்று உரசிச் சுழலும் அவற்றுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால்தான் அவை தேயாமல் இருக்கின்றன. வறண்டு ஓடினால் படலம் போய்விடும். வளையங்கள் சூடேறிக் கீறல் விழும். அப்புறம் தண்டு ஓரமாகச் சொட்டத் தொடங்கும். அந்தச் சொட்டைப் பார்த்ததும் சீலை மாற்றிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும், பேரிங் துருப்பிடிக்கும், கடைசியில் காயில்வரை நனையும். சம்ப்பில் ஒரு மிதவை சுவிட்சும் மேல்தொட்டியில் ஒன்றும் வைத்து மோட்டாரைத் தானாக நிறுத்தச் செய்வது, இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியையே அறுத்துவிடுகிறது. மோட்டார் வாங்கும் நாளிலேயே இதையும் வாங்கிவிடுவது நல்லது.

இனி, மோட்டார் ஓடாமல் ‘ங்ங்’ என்று உறுமிக்கொண்டு மட்டும் நிற்கும் நோய். வீட்டுக்கு வரும் ஒற்றைக் கட்ட மின்சாரம் மோட்டாருக்குள் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் மாறும் காந்தப்புலத்தைத்தான் உண்டாக்கும். நின்றுகொண்டிருக்கும் சுழலிக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று அது சொல்வதில்லை. இதைத் தீர்க்க இரண்டாவதாக ஒரு சுருளை வைத்து, அதற்குப் போகும் மின்னோட்டத்தைக் கொஞ்சம் முன்பின்னாக நகர்த்துகிறார்கள். இரண்டும் சேர்ந்து புலத்தைச் சுழலவைக்கின்றன. அந்த நகர்த்தலைச் செய்வது கன்டன்சர் என்று கடைகளில் கேட்கும் உருளை. அதற்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் உலோகப் பூச்சு இருக்கிறது. மின்னழுத்தம் எகிறும்போது பூச்சில் பொட்டுப் பொட்டாக எரிந்து, அந்த இடத்தைத் தானே ஒதுக்கிவிட்டு மீதியால் தொடர்ந்து வேலை செய்கிறது. அதனால்தான் அது ஒரேயடியாகச் சாகாமல் வருடக்கணக்கில் மெலிகிறது. மோட்டார் முன்னைவிடத் தயங்கித் தயங்கிக் கிளம்பினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். மாற்ற ஆகும் செலவு சொற்பம்.

கோடை இரவுகளில் மின்னழுத்தம் இறங்கும்போதும் இதே உறுமல் வரும். மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 230 வோல்ட் 180 ஆகிவிட்டால் முறுக்கு ஏறத்தாழ 61 சதவீதம்தான். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்து இம்பெல்லர் துருவால் ஒட்டிக்கொண்டாலும் இதே கதை. காரணம் எதுவானாலும் சுவிட்சை உடனே அணைக்க வேண்டும். நின்றுபோன மோட்டார் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சுருளில் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியாகக் கூடுவதால், அது 25 மடங்குக்கும் மேல். சுருள் கம்பியின் மேல் இருக்கும் பூச்சு அதைச் சில நிமிடங்கள்கூடத் தாங்காது. ‘காயில் போச்சு’ என்று கட்டக் கொடுக்கும் மோட்டார்களில் பல, மறுபடி மறுபடி போட்டுப் பார்த்ததால் எரிந்தவை. மெயினை அணைத்துவிட்டு, பின்பக்க விசிறியைக் கையால் திருப்பிப் பாருங்கள். லேசாகத் திரும்பினால் கன்டன்சர் அல்லது மின்னழுத்தம். திரும்பவே இல்லை என்றால் ஜாம். கன்டன்சரின் முனைகளை வெறுங்கையால் தொடாதீர்கள். மின்சாரத்தை அணைத்த பிறகும் அது மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

ஈரமான தரையில் நின்றபடி மின் இயந்திரத்தைத் தொடும் இடம் இது என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்டியில் இருக்கும் எம்.சி.பி. நம்மைக் காக்காது. அது 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் விழும். மனித உடல் வழியே அதில் முந்நூறில் ஒரு பங்கு போனாலே இதயம் நின்றுபோகலாம். போன மின்சாரமும் திரும்பிவந்த மின்சாரமும் சமமா என்று ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்ததும் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவிதான் உயிரைக் காப்பது. நீர்மூழ்கி மோட்டாரைச் சம்ப்பில் இறக்கியிருக்கும் வீடுகளுக்கு அது இல்லாமல் முடியாது. எர்த் கம்பியும் சரியாக இருக்க வேண்டும்.

கடைசியாகச் சம்ப்பைக் கழுவுவது. வருடத்துக்கு ஒரு முறையாவது, மழைக்காலத்துக்கு முன், வண்டலை எடுத்துவிட வேண்டும். சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் அதுவே நேரம். தண்ணீர் நிறைந்த சம்ப்பில் உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தம் விரிசல் வழியே அழுக்கை வரவிடாது. காலியான சம்ப்பிலோ, மழையில் ஊறிய மண்ணிலிருந்தும் பக்கத்துச் சாக்கடையிலிருந்தும் நீர் உள்ளே தள்ளப்படும்.

ஆனால் உள்ளே இறங்குவதற்கு முன் நிற்க வேண்டும். இதுவரை குழாய்க்குள் காற்று போய்விடக் கூடாதே என்று கவலைப்பட்டோம். சம்ப்புக்குள் இறங்குகிறவருக்குக் காற்றுதான் எல்லாம். நல்ல காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். மூடிக்கிடந்த தொட்டியில் வண்டலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று குறைக்கின்றன. புதிதாகக் கட்டிய சம்ப்பில் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க இறங்கியவர்கள் மயங்கி இறந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். ஈரப்பலகையில் வளரும் நுண்ணுயிர்களும் அங்கே அதே வேலையைச் செய்கின்றன. ஆக்சிஜன் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் நினைவு தப்பிவிடும். கொடுமை என்னவென்றால், அது வருவதை உடல் எச்சரிப்பதில்லை. மூச்சுத்திணறும் உணர்வை நமக்குத் தருவது முக்கியமாக ரத்தத்தில் கூடும் கரியமிலவாயுதான், ஆக்சிஜன் குறைவு அல்ல. கரியமிலவாயு வழக்கம்போல் மூச்சில் வெளியேறிக்கொண்டே இருந்தால், இறங்கியவர் எதுவும் தெரியாமலே கால் துவண்டு விழுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் அப்படியே விழுவார்.

முடிந்தவரை மேலிருந்தே நீண்ட துடைப்பம், சேறு உறிஞ்சும் பம்ப் கொண்டு கழுவச் சொல்லுங்கள். பெட்ரோல் இன்ஜினைச் சம்ப்புக்குள்ளோ அதன் வாயருகிலோ வைக்கவே கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு தனியாகவே கொல்லும். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், எல்லா மூடிகளையும் முன்கூட்டியே திறந்துவைத்து, ஊதுவிசிறியால் குழாய் வழியாகத் தொட்டியின் அடிவரை காற்றைச் செலுத்த வேண்டும். மூடியைத் திறந்தால் மட்டும் அடியில் உள்ள காற்று மாறிவிடாது. இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும். அவர் வெளியே வரும்வரை மேலே ஆட்கள் நகராமல் நிற்க வேண்டும், ஊதுவிசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் கயிற்றால் மேலே இழுக்கலாம். யாரும் பின்னாலேயே இறங்கக் கூடாது. உடனே 101 அல்லது 112-க்கு அழையுங்கள். மூச்சுக் கருவியோடு வரும் தீயணைப்புப் படையினர் மட்டும்தான் அங்கே இறங்கலாம்.